வரன் வீட்டில் போலீஸ் கேஸ் உண்டா என்று டிடெக்டிவ் ஏஜென்சி வைத்துப் பார்ப்பது: சட்டப்படி எதுவரை போகலாம்? (பெங்களூரு)

ராமமூர்த்தி நகர் அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, பூர்வீகம் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்), அப்பா மைன்ஸ் மூடும்வரை அங்கேயே வேலை பார்த்தவர். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்துவிட்டும் போய்விட்டார்கள், எங்களுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பையன் மேல் முன்பு ஏதோ அடிதடி கேஸ் இருந்ததாக எங்கள் சித்தப்பா காதில் ஒரு பேச்சு விழுந்திருக்கிறது. யார் சொன்னது, எந்த வருஷம், என்ன ஆனது, ஒன்றும் தெளிவில்லை. அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

இந்திரா நகரில் ஒரு டிடெக்டிவ் ஏஜென்சியில் போய்க் கேட்டேன். 35,000 ரூபாய் கொடுத்தால் இந்தியா முழுவதும் போலீஸ் ரெக்கார்டு, ஆறு மாத கால் லிஸ்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். கமிஷனர் ஆபீஸில் ஆள் இருக்கிறதாம். எனக்கு அங்கேயே நெருடியது. இதெல்லாம் சட்டப்படி செய்யக்கூடியதா? இல்லையென்றால் வேறு எப்படித் தெரிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெப்பாள் நண்பர்:

எதற்கு ஏஜென்சி, எதற்கு 35,000? ஸ்டேஷனில் தெரிந்த ஏட்டு யாராவது இருந்தால் பெயரைக் கொடுங்கள், கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து சாயங்காலமே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணத்துக்கும் அப்படித்தான் பார்த்தோம்.

அல்சூர் துப்பு:

அண்ணா, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அல்சூரில் சின்ன ஏஜென்சி. ஹெப்பாள் நண்பர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

போலீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது சிசிடிஎன்எஸ். நாடு முழுக்க ஸ்டேஷன்களை இணைக்கிற வலை அது, போலீஸ் வேலைக்காக மட்டும். எந்தத் தனியார் ஏஜென்சிக்கும் அதில் லாகின் கிடையாது. ஒரு ஏட்டு தன் ஐடியில் நுழைந்து நம் வீட்டு வரனுக்காகப் பெயரைத் தட்டினால் அவர் வேலைக்கே ஆபத்து, அதற்குக் காசு கொடுத்தால் கொடுத்தவர் மேலும் வழக்கு வரும். லஞ்ச ஒழிப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தியபின் கொடுப்பதும் தனிக் குற்றம். ஏஜென்சி கொடுத்தது, எனக்கென்ன என்று நீங்கள் ஒதுங்க முடியாது, பணம் உங்கள் அக்கவுண்டில் இருந்துதான் போயிருக்கும்.

கால் லிஸ்ட் விஷயம் அதைவிட மோசம். 2013-ல் டெல்லியில் அருண் ஜெட்லியின் போன் பதிவுகளை எடுக்கப் பார்த்த வழக்கில் ஒரு கான்ஸ்டபிளும் தனியார் டிடெக்டிவ்களும் கைதானார்கள். 2018-ல் மும்பை பக்கத்தில் இருக்கும் தானே நகரத்துப் போலீஸ் பிடித்த வழக்கு எங்கள் தொழிலையே உலுக்கியது, கால் ரெக்கார்டு வாங்கி விற்றதாகப் பல டிடெக்டிவ்கள் உள்ளே போனார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இப்போது இதை நேராகவே சொல்கிறது: அனுமதி இல்லாமல் ஒருவருடைய அழைப்புப் பதிவை எடுத்தால், எடுக்க முயன்றாலே, மூன்று வருஷம் வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதே கதிதான், வாடிக்கையாளர் கேட்டால் அல்லது கோர்ட்டோ சட்டப்படி அதிகாரம் உள்ள அமைப்போ கேட்டால்தான் பேங்க் தரும். வேறு வழியில் உங்கள் கைக்கு வந்தது என்றால் யாரோ திருடியிருக்கிறார்கள், அல்லது யாரோ வீட்டில் உட்கார்ந்து டைப் செய்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. ஏஜென்சி லெட்டர்ஹெட் கூட இல்லாத ஒரு வெள்ளைத் தாளில் 'நோ கிரிமினல் ரெக்கார்டு' என்று ஒற்றை வரி, எந்த ஸ்டேஷன், எந்தக் கோர்ட், எந்தத் தேதியில் பார்த்தது, எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட தாளை வைத்துக்கொண்டு கல்யாணம் முடிந்தபின் என்னிடம் வந்து அழுத பெற்றோர்கள் உண்டு.

இன்னொன்று. அந்த ஏஜென்சி சுவரில் 'அரசு உரிமம் பெற்றது' என்று ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தால் கிட்டப்போய் என்ன உரிமம் என்று படியுங்கள். நம் நாட்டில் டிடெக்டிவ் தொழிலுக்கென்று லைசென்ஸ் சட்டம் இதுவரை வரவில்லை. 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவில்லை. 2005-ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டம் வாட்ச்மேன், செக்யூரிட்டி கார்டு வைத்துக்கொடுப்பவர்களுக்கானது. பெரும்பாலும் அந்த லைசென்ஸைத்தான் காட்டுவார்கள். எங்களுக்கு இருப்பதெல்லாம் கடை பதிவு, கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி எண். சாதாரணக் குடிமகனுக்கு இல்லாத ஒரு அதிகாரம்கூட எனக்கு இல்லை. எங்கே தேடவேண்டும், கிடைத்ததை எப்படிப் படிக்கவேண்டும் என்ற பழக்கம்தான் நான் விற்பது.

ராமமூர்த்தி நகர் அண்ணன்:

ரொம்ப நன்றி. அப்படியானால் சட்டப்படி ஒரு ஏஜென்சி என்னதான் பார்க்கும்? கோர்ட் ரெக்கார்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

வக்கீல், சிவாஜி நகர்:

பார்க்கலாம். கிரிமினல் விசாரணை திறந்த கோர்ட்டில் நடக்கவேண்டும் என்பதுதான் சட்டம், பாலியல் வன்முறை மாதிரி சில வழக்குகள் மட்டும் மூடிய அறையில். அதனால் வழக்கின் நிலவரத்தை இ-கோர்ட்ஸ் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள், கட்டணம் கிடையாது, லாகின் கிடையாது. மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, வழக்கில் உள்ளவர் பெயர், வருஷம் போட்டுத் தேடலாம். நடப்பு, முடிந்தது, இரண்டும் என்று மூன்று தேர்வு இருக்கும், 'இரண்டும்' என்பதைப் போடுங்கள். பலர் நடப்பு வழக்கை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வருகிறார்கள்.

எஃப்ஐஆரைப் பொறுத்தவரை 2016 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது, பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்றவேண்டும் என்று. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. ஆனால் போலீஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேட முடியாது. மாவட்டம், ஸ்டேஷன், எஃப்ஐஆர் எண், வருஷம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கோர்ட்டில் ஆரம்பித்து போலீஸ் பக்கம் போவதுதான் நடைமுறை.

சான்றளித்த நகல் வேண்டுமென்றால், வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் ஆளும் மனுப் போடலாம். எதற்காக வேண்டும் என்று அபிடவிட் கொடுக்கவேண்டும், கொடுப்பதா வேண்டாமா என்பது கோர்ட் முடிவு. ஏஜென்சிகள் ஜூனியர் வக்கீல் ஒருவரை வைத்து இதைச் செய்வது முறையான வழி. நகல் பிரிவில் யாருக்காவது எதையாவது கொடுத்து போட்டோ எடுத்துவருவது முறையான வழி இல்லை.

அல்சூர் துப்பு:

வக்கீல் சார் சொன்னதோடு நடைமுறையில் மாட்டிக்கொள்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தளத்தில் பெயரைப் போடுவது யாராலும் முடியும், தப்பான ஆளைப் பிடிப்பதும் யாராலும் முடியும்.

நம் தமிழ்ப் பெயர்களில் பெரிய சிக்கல் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே முழுசாக, கோர்ட்டில் இனிஷியலே இல்லாமல் 'இன்னார் மகன்'. ஏழுமலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கேஜிஎஃப் பக்கம் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஆங்கிலத்தில் இ-யில் தொடங்கும், ஒய்-யில் தொடங்கும், ழகரத்துக்கு இசட்-ஹெச் வரும், ஒரு எல் வரும், இரண்டு எல் வரும். முழுப் பெயரை ஒரே மாதிரி போட்டுத் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுதுகிற ஏஜென்சி வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். நான் எப்போதும் பெயரின் ஒரு துண்டைப் போட்டுத் தேடுவேன், பட்டியல் நீளமாக வரும், பரவாயில்லை, அதில் அப்பா பெயர், ஊர் வைத்துக் கழித்துக்கொண்டே வருவேன். கூப்பிடுகிற பெயர் வேறாக இருந்தால் அதையும் தேடவேண்டும். போலீஸ் ஆவணங்களில் 'என்கிற' போட்டு இரண்டு பெயர் எழுதுவது சகஜம்.

அடுத்தது எந்த மாவட்டம். பெயரைப் போட்டால் நாடு முழுக்கத் தேடித்தரும் பொதுக் கதவு அந்தத் தளத்தில் இல்லை, வளாகம் வளாகமாகத்தான் போகவேண்டும். அதனால் ஆள் எங்கெங்கே இருந்தான் என்பதை முதலில் வரிசைப்படுத்தவேண்டும்: பிறந்த ஊர், படித்த ஊர், ஹாஸ்டல், முதல் வேலை, இப்போது இருக்கும் வீடு. 'ஆல் இந்தியா செக்' என்று விற்பவர்கள் இதைச் செய்வதே இல்லை, ஏதாவது ஒரு டேட்டாபேஸில் பெயரை ஓட்டிவிட்டுக் கொடுப்பார்கள்.

பிறகு கிடைத்ததைப் படிப்பது. கர்நாடகாவில் சிசி (மாஜிஸ்ட்ரேட் கோர்ட் கிரிமினல் வழக்கு) என்று எண் வந்தாலே குற்றவாளி என்று பதறவேண்டாம். செக் பவுன்ஸ் வழக்கும் சிசி எண்ணில்தான் வரும், அதற்கு முன் பிசிஆர் என்று தனிப் புகாராக இருக்கும். சட்டப்பிரிவைப் பாருங்கள், 138 என்றிருந்தால் செக் விஷயம். ஸ்கூட்டர் ஆக்சிடென்ட்டும் கிரிமினல் வழக்குதான். எஸ்சி என்றால் செஷன்ஸ், அங்கே கவனமாகப் படிக்கவேண்டும். கிரிமினல் மிஸ் என்பதில் ஜாமீன் மனுக்கள் இருக்கும், குற்றப்பத்திரிகை இன்னும் வராத வழக்கின் வாலைச் சில சமயம் அங்கேதான் பிடிக்க முடியும். வழக்கையே ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட் போயிருந்தால் அங்கே கிரிமினல் பெட்டிஷன் எண் இருக்கும், அது தனித் தளம். 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்த குற்றம் என்றால் ஐபிசி எண்கள் இருக்காது, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) எண்கள். மோசடிக்கான பழைய 420 இப்போது 318. இரண்டையும் தெரியாத ஆள் எழுதுகிற ரிப்போர்ட்டில் பிழை நிச்சயம்.

கேஜிஎஃப் பையன்:

அண்ணே, நான் ராபர்ட்சன்பேட்டை. எங்கள் ஊரில் ஒரு விஷயம் வெளியாருக்குத் தெரியாது. போலீஸ் கணக்கில் கேஜிஎஃப் தனி மாவட்டம், தனி எஸ்பி இருக்கிறார். ஆனால் கோர்ட் கணக்கில் கோலார் மாவட்டத்துக்குள்தான் வரும். அதனால் இ-கோர்ட்ஸில் கோலார் போட்டு உள்ளே கேஜிஎஃப் வளாகத்தை எடுங்கள். போலீஸ் தளத்தில் எஃப்ஐஆர் தேடும்போது கோலார் போட்டால் கிடைக்காது, கேஜிஎஃப் என்றே போடவேண்டும். எஃப்ஐஆர் கன்னடத்தில் இருக்கும், படிக்கத் தெரியாவிட்டால் இங்கே சொல்லுங்கள், படித்துச் சொல்கிறேன்.

மாரத்தஹள்ளி பிஜிவி:

நான் அமெரிக்க கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும்போது பின்னணி சரிபார்க்கும் டீமில் இருக்கிறேன். அங்கே இந்த வேலைக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பார்த்தபின் இங்கே நடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அங்கே பெரும்பாலான மாநிலங்களில் டிடெக்டிவ்களுக்கு மாநில லைசென்ஸ் உண்டு. அப்படியிருந்தும் எஃப்பிஐ-யின் என்சிஐசி தகவல்தளத்தை அவர்கள் தொட முடியாது, அது போலீஸுக்கு மட்டும். அதனால் அவர்களும் கவுன்டி கோர்ட் கவுன்டருக்கு ஆள் அனுப்பித்தான் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். வேலைக்காகச் சரிபார்த்தால் 1970-ஆம் வருஷத்து எஃப்சிஆர்ஏ என்ற அமெரிக்கச் சட்டம் (ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட்) பொருந்தும். இப்படிச் சரிபார்க்கப் போகிறோம் என்று தனித் தாளில் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். கிடைத்ததை வைத்து வேலை மறுப்பதாக இருந்தால் மறுப்பதற்கு முன்பே ரிப்போர்ட் நகலை அந்த ஆளிடம் கொடுக்கவேண்டும், 'இது நான் இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு வேண்டும் என்பதற்காக. தண்டனையில் முடியாத கைதுகளை ஏழு வருஷத்துக்குப் பின் பொதுவாக ரிப்போர்ட்டில் போடக்கூடாது.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் சும்மா வந்ததில்லை. 1989-ல் ரெபெக்கா ஷேஃபர் என்ற நடிகையைப் பின்தொடர்ந்து வந்தவன் ஒரு டிடெக்டிவுக்குக் காசு கொடுத்தான், அந்த டிடெக்டிவ் கலிபோர்னியா வாகனப் பதிவுத் துறையிலிருந்து அவள் வீட்டு விலாசத்தை எடுத்துக் கொடுத்தார், இவன் போய் வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அதற்குப் பின்னால்தான் 1994-ல் ஓட்டுநர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீங்கள் நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள் அண்ணா, ஆனால் காசு கொடுத்த எவனுக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கிற ஏஜென்சி நாளைக்கு உங்கள் தங்கை விலாசத்தையும் இன்னொருவனுக்குக் கொடுக்கும்.

இங்கேயும் 2023 டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, விதிகள் 2025 நவம்பரில் அறிவித்தார்கள், படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. சம்மதம்தான் அதன் அடிப்படை.

ஹெப்பாள் நண்பர்:

அமெரிக்கா கதை சரிங்க, நம் ஊரில் கல்யாணத்துக்கு முன் பையனிடம் போய் 'உன்னைச் செக் பண்ண சம்மதக் கையெழுத்துப் போடு' என்றால் வரன் நிற்குமா? கேட்ட உடனே எழுந்து போய்விடுவார்கள். பெண்ணைப் பெற்றவன் வயிற்றில் நெருப்பு இருக்கும்போது சட்டம் பேசி என்ன பிரயோஜனம்? நாளைக்கு அந்தப் பெண் அடி வாங்கினால் இந்த இழையில் எழுதுகிறவர்கள் யார் வந்து நிற்பார்கள்?

வக்கீல், சிவாஜி நகர்:

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது சார். குடும்ப வன்முறை வழக்குகள்தான் நான் அதிகம் நடத்துவது, விசாரிக்காமல் கட்டிக்கொடுத்த வீடுகளைத் தினமும் பார்க்கிறேன். விசாரிக்க வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கோர்ட் பதிவைப் பார்க்க யார் கையெழுத்தும் வேண்டாம், அது பொது ஆவணம். அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் தடை இல்லை. போலீஸ், பேங்க் ஆபீசர், கோர்ட் ஊழியர் என்று பொய் சொல்லி விசாரித்தால்தான் ஆள்மாறாட்டம். அரசு ஊழியராக நடிப்பது பிஎன்எஸ் 204-ல் வரும். சம்மதம் தேவைப்படுவது போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்கு. அதையும் ஏஜென்சி வாங்க முடியாது, சம்பந்தப்பட்டவரே விண்ணப்பிக்க வேண்டும், கர்நாடகாவில் சேவா சிந்து தளம் வழியாக.

அப்புறம் ஒரு எல்லைக்கோடு. சித்தப்பா கேள்விப்பட்ட சம்பவம் பையனுக்குப் பதினெட்டு வயது ஆவதற்கு முன் நடந்ததாக இருந்தால் அதைத் தோண்டாதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74: வழக்கு நடப்பில் இருந்தாலும் முடிந்துபோயிருந்தாலும் நடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் அந்தப் பதிவை வெளியே சொல்லக்கூடாது. அதை எடுத்துத் தருவேன் என்கிற ஏஜென்சி குற்றம் செய்கிறது.

ஃப்ரேசர் டவுன் ஒருவன்:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இன்னொரு பக்கத்தில் இருப்பவன் நான்.

காலேஜ் படிக்கும்போது பஸ் ஸ்டாண்ட் அருகே நடந்த ஒரு தகராறில் கும்பலோடு என் பெயரையும் சேர்த்தார்கள். நான் அங்கே இருந்தேன், அடிக்கவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது, கடைசியில் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். தீர்ப்பு நகலை இன்றும் பைலில் வைத்திருக்கிறேன். வேலை மாறும்போது ஒரு சரிபார்ப்பு ஏஜென்சி என் பெயருக்கு நேரே 'கிரிமினல் ரெக்கார்டு கண்டறியப்பட்டது' என்று சிவப்பில் போட்டு அனுப்பியது. விடுதலை என்ற வார்த்தை அந்த ரிப்போர்ட்டில் எங்குமே இல்லை. ஆஃபர் லெட்டர் திரும்பிப் போனது. காரணத்தைக்கூட எனக்குச் சொல்லவில்லை, உள்ளே இருந்த நண்பன் சொல்லித்தான் தெரியும். அதற்கு அடுத்து வந்த ஒரு வரனும் நின்றது, அதற்கும் இதுதான் காரணமா என்று இன்றுவரை தெரியாது.

எஃப்ஐஆர் என்பது ஒருவர் கொடுத்த புகார். குற்றப்பத்திரிகை என்பது போலீஸ் தரப்பு சொல்வது. தீர்ப்பு வந்தால்தான் முடிவு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் ஒரு வரியில் ஒருவன் வாழ்க்கையை மாற்றிவிடுகிறார்கள். ராமமூர்த்தி நகர் அண்ணா, ஏதாவது கிடைத்தால் தயவுசெய்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வக்கீல், சிவாஜி நகர்:

தம்பி, நீங்கள் எழுதியது நல்லது. விடுதலை ஆனவர்கள் தங்கள் பெயரைத் தீர்ப்புகளிலிருந்து நீக்கக் கேட்கும் வழக்குகள் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன. 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படி ஒருவருக்காக, தீர்ப்புகளை வெளியிடும் இந்தியன் கானூன் தளம் அந்தத் தீர்ப்பை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது, முடிவு வரவேண்டும். ஆனால் உங்கள் விஷயம் வேறு. விடுதலையை மறைத்து, ரெக்கார்டு இருக்கிறது என்று மட்டும் எழுதுவது அரை உண்மை. அந்த ஏஜென்சிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பித் திருத்தச் சொல்லலாம், அவதூறாகவும் வாதாட இடம் உண்டு. தீர்ப்பு நகலோடு என்னைத் தனிச் செய்தியில் தொடர்புகொள்ளுங்கள், பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் வேண்டாம்.

அல்சூர் துப்பு:

ஃப்ரேசர் டவுன் தம்பி சொன்னதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. எங்கள் ஆபீஸில் ரிப்போர்ட் எழுத ஒரு முறை வைத்திருக்கிறேன், அதையே வேறு ஏஜென்சியிடமும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தளம், எந்த வளாகம், என்னென்ன எழுத்துக்கூட்டலில் தேடியது, தேடிய தேதி எல்லாம் இருக்கவேண்டும். வழக்கு கிடைத்தால் சிஎன்ஆர் எண்ணைப் போடவேண்டும், ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண் அது, எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு, கர்நாடகா என்றால் கேஏ என்று தொடங்கும், அதை வைத்து நீங்களே வீட்டிலிருந்து சரிபார்க்கலாம். ஆள் அவர்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம், அப்பா பெயரா, வயதா, விலாசமா என்பதையும், வழக்கு இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் எழுதவேண்டும். பெயர் ஒன்றாக இருக்கிறது, வேறு எதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் அதை ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதவே கூடாது. எங்கே தேடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய பழைய வழக்குகள் தளத்தில் இருக்காது. புகார் ஸ்டேஷனோடு நின்று கோர்ட்டுக்கு வராமல் இருந்தாலும் கிடைக்காது.

ஜிஎஸ்டி பில் கேளுங்கள், 18 சதவீதம் வரும், வலிக்கும், ஆனால் பில் கொடுக்கிற ஆள்தான் நாளைக்குத் தன் ரிப்போர்ட்டுக்குப் பொறுப்பேற்பார். என்ன செய்யச் சொன்னோம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பையனுடைய ஆதார் நகலைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், பெயர், அப்பா பெயர், ஏறத்தாழ வயது, இருந்த ஊர்கள், இவ்வளவு போதும்.

ராமமூர்த்தி நகர் அண்ணன்:

நண்பர்களே, நீங்கள் சொன்னபடி நானே உட்கார்ந்து தேடினேன். கோலார், கேஜிஎஃப் வளாகம், பெயரின் துண்டைப் போட்டேன். பட்டியலில் பையனின் பெயரிலேயே ஒரு சிசி வழக்கு வந்தது, பிரிவு 323, 324, 504, 506, கூடவே 34. அடிதடி கேஸ்தான். பார்த்தவுடன் கை நடுங்கியது, அம்மாவிடம் சொல்லவில்லை. வழக்கு விவரத்தில் ஸ்டேஷன் பெயரும் எஃப்ஐஆர் எண்ணும் இருந்தது, போலீஸ் தளத்தில் கேஜிஎஃப் மாவட்டம் போட்டு எஃப்ஐஆரை எடுத்தேன். முழுக்கக் கன்னடம், பேசுவேன், படிக்க வராது. கேஜிஎஃப் பையனுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

கேஜிஎஃப் பையன்:

படித்துவிட்டேன் அண்ணே. பெயர்களை இங்கே எழுதவில்லை. நான்கு பேர் மேல் புகார், தண்ணீர்க் குழாய்த் தகராறு, கம்பியால் அடித்ததாக எழுதியிருக்கிறது. மூன்றாவதாக இருப்பவர் பெயர் நீங்கள் சொன்ன பெயர்தான். ஆனால் அப்பா பெயர் வேறு, வயது 47, விலாசம் ஆண்டர்சன்பேட்டை பக்கம். உங்கள் வரனுக்கு முப்பதுகூட ஆகவில்லை என்றீர்களே, அப்பா பெயரும் ஒத்துப்போகவில்லை. இது அவர் இல்லை. எங்கள் ஊரில் இந்தப் பெயர் தெருவுக்குத் தெரு இருக்கும்.

அல்சூர் துப்பு:

இந்த மாதிரி ஒன்றைத்தான் சில ஏஜென்சிகள் அப்படியே எடுத்து 'கேஸ் உண்டு' என்று எழுதிவிடுகின்றன. உங்கள் சித்தப்பா காதுக்கு வந்த பேச்சுக்கும் இந்த ஆளே காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஊகத்தில் நிற்கவேண்டாம். பெங்களூரு நகரம், பெங்களூரு கிராமாந்தரம் இரண்டு மாவட்டத்திலும் தேடுங்கள், ஒயிட்ஃபீல்ட் ஓரத்தில் எல்லை எங்கே மாறுகிறது என்று வெளியாருக்குப் புரியாது. குடும்பக் கோர்ட் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள், எம்சி என்ற எண்ணில் விவாகரத்து மனுக்கள் வரும். முதல் கல்யாணத்தை மறைத்த வரன்களை நான் பிடித்தது பெரும்பாலும் அங்கேதான்.

ராமமூர்த்தி நகர் அண்ணன்:

பெங்களூரு இரண்டிலும் பார்த்துவிட்டேன், எதுவும் ஒத்துப்போகவில்லை. நேற்று அப்பாவும் நானும் பையன் வீட்டுக்குப் போய் நேராகவே பேசினோம். இப்படி ஒரு பேச்சு வந்தது, எங்கள் பெண், எங்களுக்குப் பயம், தப்பாக நினைக்கவேண்டாம் என்று சொன்னோம். பையனின் அப்பாவுக்கு முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் பையனே 'நான் போலீஸ் சான்றுக்கு விண்ணப்பிக்கிறேன், உங்கள் பக்கமும் நாங்கள் விசாரிக்கலாமா' என்று கேட்டான். விசாரிக்கச் சொன்னோம், தங்கையும் அதையே சொன்னாள். சேவா சிந்துவில் போட்டிருக்கிறான், சான்று இன்னும் வரவில்லை. பேச்சுவாக்கில் இன்னொன்று தெரிந்தது, முதல் வேலை ஹொசூரில், அங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்திருக்கிறான். அது தமிழ்நாடு ஆயிற்றே, அதற்கு என்ன செய்வது?

வக்கீல், சிவாஜி நகர்:

இ-கோர்ட்ஸில் தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஹொசூர் வளாகம். அங்கே சிசி, எஸ்சி தவிர எஸ்டிசி என்றும் எண் வரும், சுருக்க விசாரணை வழக்குகள், செக் பவுன்ஸும் பல சமயம் அதில் இருக்கும், அதையும் பாருங்கள். போலீஸ் பக்கம் தமிழ்நாடு காவல்துறைக்குத் தனிச் சரிபார்ப்புச் சேவை இணையத்தில் இருக்கிறது, அதிலும் பையனே விண்ணப்பிக்க வேண்டும். கர்நாடகச் சான்று வந்ததும் எந்த விலாசத்துக்குச் சரிபார்த்தார்கள் என்பதைப் படியுங்கள். ஒயிட்ஃபீல்ட் வாடகை வீட்டுக்கு மட்டும் பார்த்திருந்தால் கேஜிஎஃப் வீட்டு விலாசத்துக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள்.

ராமமூர்த்தி நகர் அண்ணன்:

சரிங்க சார். ஹொசூரை இன்று ராத்திரியே பார்த்துவிடுகிறேன். அல்சூர் அண்ணா, அக்கம்பக்க விசாரணை மட்டும் நீங்கள் செய்து கொடுப்பீர்களா? ஒயிட்ஃபீல்ட், கேஜிஎஃப் இரண்டு இடமும்.

அல்சூர் துப்பு:

செய்யலாம் அண்ணா, ஆபீஸுக்கு வாருங்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்போம். எங்கள் ஆள் யார் கேட்டாலும் கல்யாண விஷயமாக விசாரிக்கிறோம் என்று உண்மையைத்தான் சொல்வார், அது முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.